சாமியைக் கடனாகத் தருகிறார்களாம்!

ரிப்பன் வெட்டியிருக்கிறேன். குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறேன் – காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருக்க, கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பாக்கெட்டிலிருந்து லைட்டரை நீட்ட, அதில் ஏற்றிய அனுபவமும் உண்டு. ஆனால், மூட்டை அவிழ்க்க என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. சில வாரங்களுக்கு முன் அதற்கும் அழைப்பு வந்தது.

உடனே எழுதியிருப்பேன். எழுதிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது எழுதலாம்.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாமே... அதன் வரலாற்றுத் துறைக்குச் சொந்தமாக ஒரு சின்ன மியூசியம் உண்டு. உடைந்த பானைகள், துருப்பிடித்த வாள், கை இல்லாத சிலை ஒன்று, அந்தச் சிலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கை என்று இத்தனை காலமும் தூசியோடு கிடந்தது. அதைப் புதுப்பித்து, டைல்ஸ் போட்டு, ஏசி வைத்து, 'பழங்குடிப் பாரம்பரியக் கூடம்' என்று ஒரு புதுப் பகுதியும் சேர்த்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தினர்.

துறைத்தலைவர் போனில் குதூகலமாகப் பேசினார்.

"மேடம், ரிப்பன் வெட்டுறதெல்லாம் பழைய ஸ்டைல். நாங்க புதுசா ஒண்ணு யோசிச்சிருக்கோம். நரிக்குறவர்களோட சாமி மூட்டை ஒண்ணு நம்ம கலெக்‌ஷன்ல இருக்கு. வந்த நாள்லேருந்து கட்டுன கட்டு அப்படியே இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாது. அதை நீங்க மேடையில வெச்சு அவிழ்க்கிறீங்க. யூட்யூப்ல லைவ்!"

புது போன் வாங்கிய பையன்கள் பெட்டியைப் பிரித்து வீடியோ போடுவார்களே... அந்த மாதிரி! யோசனை வினோதமாக இருந்தாலும் மனிதர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "நேரில் பேசலாம் சார்" என்று வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது சுடிதார் போட்ட ஒரு பெண். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, கைலி, கழுத்தில் ஒரே ஒரு பாசிமணி மாலை.

"நான் துர்கா மேடம். அந்த யுனிவர்சிட்டியிலதான் எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இவங்க எங்க அப்பா, கண்ணன். அறந்தாங்கி பக்கத்துலேருந்து வாரோம்."

உட்காரச் சொன்னேன். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெண் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"திறப்பு விழாவுக்கு நீங்க வரக்கூடாதுன்னு சொல்ல வந்தோம் மேடம்."

இத்தனை வருடங்களில் என்னை விழாவுக்கு வரச் சொல்லி வந்தவர்கள் உண்டு. வந்தால் சுருக்கமாகப் பேசச் சொன்னவர்கள் நிறையவே உண்டு. வராதே என்று வீடு தேடி வந்து சொன்னது இவள்தான். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"ஏன்மா?"

"அந்த மூட்டை எங்க வீட்டுச் சாமி மேடம்."

துர்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவர்களில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாமி மூட்டை உண்டு. கோயில், கோபுரம் எல்லாம் கிடையாது. ஊர் ஊராகப் போனவர்கள் அல்லவா? சாமியும் கூடவே தோளில் போயிற்று. அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். பூஜை அன்றைக்குத்தான் அவிழ்ப்பார்கள். அதுவும் வம்சத்துக்காரர்கள் மட்டும் இருக்கும்போதுதான். வெளியாள் கண்ணில் படக்கூடாது, உள்ளே இருப்பதை வாயால் சொல்லவும் கூடாது.

"நரிக்குறவர் சமூகத்தில..." என்று நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"அது நீங்கள்லாம் வெச்ச பேரு மேடம். எங்க பாஷையில நாங்க வாக்ரி" என்றாள். கோபமாக இல்லை. பஸ்ஸில் தப்பான ஸ்டாப்பில் இறங்கப் போகிறவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

மூட்டை எப்படி மியூசியத்துக்குப் போனது? அதை அவள் அப்பா சொன்னார்.

"எங்கப்பாவ ஒரு திருட்டுக் கேஸ்னு சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா. எங்க என்ன தொலைஞ்சாலும் அப்பல்லாம் மொதல்ல எங்க கூடாரத்துக்குத்தான் வருவாங்க. கூடாரத்துல இருந்ததெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. எங்கப்பா மேல தப்பு இல்லைன்னு விட்டுட்டாங்க. சட்டி பானை கூடத் திரும்பி வந்துச்சு. சாமி வரல."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"ஸ்டேஷன் வாசல்ல நின்னு நின்னு பாத்தாருங்க. அடிச்சு வெரட்டிட்டாங்க. அப்புறம் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. எங்கப்பா சாகுற வரைக்கும் பூஜைக்கு அடுத்தவன் வீட்டு வாசல்லதான் போயி ஓரமா நின்னாரு. இப்ப நான் நிக்கிறேன். எங்களுக்குன்னு கும்புட ஒண்ணுமில்லைங்கம்மா."

மனிதர் அழவில்லை. ஆனால், கைலியின் நுனியைப் பிடித்துச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

துர்கா எம்.ஏ. சேர்ந்த புதிதில் மியூசியத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போயிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூட்டை. கீழே அட்டையில், 'நரிக்குறவர் வழிபாட்டுப் பொருள், அறந்தாங்கி வட்டாரம், அன்பளிப்பு' என்று இருந்திருக்கிறது.

அன்பளிப்பு! எத்தனை அழகான சொல்... கல்யாண வீட்டில் கவரில் போட்டுக் கொடுப்பதும் அன்பளிப்பு. ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு வீட்டைத் துடைத்து எடுத்துப் போவதும் அன்பளிப்பு.

கோர்ஸ் முழுக்க அவள் துறைத்தலைவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "படிச்ச பொண்ணு இப்படிப் பேசலாமா? உங்க பண்பாட்டை உலகத்துக்கே காட்டப் போறோம்மா" என்பதுதான் அவருடைய பதில். அதற்கு மேல் அவள் அழுத்தினால் இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது. தெரிந்தும் அழுத்தியிருக்கிறாள்.

"நீங்க வரலன்னா விழா தள்ளிப்போகும். அதுக்குள்ள நாங்க ஏதாச்சும் பண்ணிடுவோம்" என்றாள் துர்கா.

"நான் வரலன்னா ஒரு சீரியல் நடிகையைக் கூப்பிடுவாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே அவிழ்த்துடும். நான் வாரேன்னே இருக்கட்டும். வந்து அவிழ்க்க மாட்டேங்கிறேன். எது வசதி?"

அப்பாவும் மகளும் தங்கள் மொழியில் வேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு துர்கா சிரித்தாள்.

"வாங்க மேடம்."

அன்றைக்கே துறைத்தலைவரைக் கூப்பிட்டேன். மூட்டைக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களை உட்கார வைத்துப் பேசி முடிக்கும் வரை நான் மேடை ஏற மாட்டேன், ஏன் ஏறவில்லை என்பதை என்னுடைய பத்தியில் எழுதுவேன் என்றேன். இந்தப் பத்தி எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்! விழாவைத் தள்ளிவைத்தார்கள். பதிவாளர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 'வெளி உறுப்பினர்' என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் கூட்டத்துக்குக் கண்ணனும் துர்காவும் வந்தார்கள். பதிவாளர் மரியாதையான மனிதர். டீ, முறுக்கு எல்லாம் வரவழைத்தார். பிறகு கேட்டார்.

"இது உங்களோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு பர்ஸ் தொலைஞ்சாக்கூட உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு சொன்னாத்தானே தர்றோம்? உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. திறந்து பாப்போம். சரியா இருந்தா உங்களோடது."

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

கண்ணன் தலையை ஆட்டினார். "சொல்லக்கூடாதுங்கய்யா."

"சொன்னாத்தானேப்பா தர முடியும்?"

"சொல்லிட்டா அப்புறம் அதை வாங்கிட்டுப் போயி என்னங்கய்யா பண்றது?"

உரிமைக்காரன் என்று நிரூபிக்க ஒரே வழி அந்த உரிமையைக் கெடுத்துக்கொள்வது. எவ்வளவு வசதியான விதி, யாருக்கு வசதி என்பதை மட்டும் கேட்காமல் இருந்தால்.

துறைத்தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. மூட்டையைத் திறக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே என்றார். சாமிக்கு ஸ்கேன்! டோக்கன் போட்டு, கர்ப்பிணிப் பெண்களுக்கும் முட்டி வலிக்காரர்களுக்கும் நடுவே சாமியைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பது என் கண் முன்னால் வந்து போனது.

துர்கா அமைதியாகக் கேட்டாள். "சார், உங்க குலதெய்வக் கோயில்ல கருவறைக்குள்ள யாராச்சும் கேமரா வெக்கிறேன்னு வந்தா விடுவீங்களா?"

"அது வேறம்மா..."

"எப்படி வேற சார்?"

அவர் முறுக்கைக் கடித்தார்.

எது வேறு என்று நான் வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். நம் சாமிக்குக் கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, பூட்டுக்கு ஒரு ட்ரஸ்டியும் இருக்கிறார். அதனால் அது சாமி. அவர்கள் சாமிக்கு நாலு முடிச்சுத் துணிதான் கதவு. அதனால் அது 'வழிபாட்டுப் பொருள்'. இவ்வளவுதான் வேறு. வேறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திறக்காமல் எப்படி நிரூபிப்பது? அந்தக் கேள்விக்கு வழி கண்டுபிடித்தது துர்காதான். இரண்டாவது கூட்டத்துக்கு முதல் நாள் போன் பண்ணினாள்.

"மேடம், எங்க ஆளுங்கள்ல எந்த வம்சத்துச் சாமி எந்த வீட்டுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணு மாப்பிள்ளை பேசுறப்பவே ஒங்க சாமி எது, யார்கிட்ட இருக்குன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அறந்தாங்கி சுத்துவட்டாரத்துல சாமி வெச்சிருக்குற அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கேன். எங்க சாமி எங்க வீட்டுல இருக்குன்னு அவங்க ஒவ்வொருத்தரா சொல்லட்டும். யார் வீட்டுல இல்லையோ அவங்களோடதுதானே இது?"

"வேற யாராச்சும் பொய்யா 'எங்களோடது'ன்னு உரிமை கொண்டாடினா?"

"அடுத்தவங்க சாமியவா?" என்றாள், நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி. "எங்க ஆளுங்க யாரும் மாட்டாங்க மேடம். யுனிவர்சிட்டிக்காரங்கதான் வெச்சிருக்காங்க."

மறுநாள் நான் போய் இறங்கியபோது கேட்டில் தகராறு. இரண்டு டாடா ஏஸ் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். நல்ல நாளுக்கு உடுத்துகிற மாதிரி உடுத்தி வந்திருந்தார்கள். செக்யூரிட்டி கையை விரித்து வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

"பாசி ஊசி விக்கிறதெல்லாம் உள்ள விடுறதில்ல. அங்கிட்டுப் போங்க, அங்கிட்டு!"

யார் கையிலும் பாசி இல்லை, ஊசி இல்லை. ஒருவர் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தில் நான் காரைவிட்டு இறங்கிக் கத்த ஆரம்பித்தேன். நான் கத்தினால் நன்றாகவே கத்துவேன். ஆனால், துர்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டை எடுத்து அவரிடம் காட்டினாள்.

"அண்ணே, நான் இங்க படிக்கிறேன். ரெண்டு வருஷமா ஒங்களுக்கு குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் போறேன். இவங்க எங்க சொந்தக்காரங்க. பதிவாளர் சார் மீட்டிங்குக்கு வந்திருக்காங்க."

செக்யூரிட்டி அவளைப் பார்த்தார், வண்டியில் இருந்தவர்களைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "நீ இவங்க ஆளாம்மா?" என்றார். இரண்டு வருடம் குட்மார்னிங் வாங்கியவர்!

"ஆமாண்ணே" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. இதுவரை எந்த விழாவிலும் அவ்வளவு கம்பீரமான ஒற்றை வார்த்தைப் பேச்சை நான் கேட்டதில்லை.

தகவல் போய்ப் பதிவாளரே வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்ததும் திகைத்தார். பிறகு சுமுகமாக ஒரு வழி சொன்னார்.

"இவ்வளவு பேரு... ஒண்ணு பண்ணலாம். அந்த மரத்தடியில ஷாமியானா போடச் சொல்றேன். அங்கயே பேசிடலாம். அவங்களுக்கும் அதுதான் வசதியா இருக்கும்."

"எங்களுக்கு ஏசி ஹால்லயும் வசதியா இருக்கும் சார்" என்றாள் துர்கா.

ஹாலில்தான் நடந்தது. மெத்தை நாற்காலிகளில் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு குழந்தை மைக்கின் பட்டனை அழுத்தி அழுத்திச் சிவப்பு விளக்கை எரியவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை. அந்த மைக்கில் அதைவிட மோசமான உபயோகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு குடும்பத்துத் தலைவராக எழுந்தார்கள். முதலில் அவர்கள் மொழியில், பிறகு தமிழில். "எங்க சாமி எங்க வீட்டுல இருக்குங்க." அடுத்தவர். "எங்க சாமி எங்க அண்ணன் வீட்டுல இருக்குங்க. அண்ணனும் வந்திருக்காப்ல." அடுத்தவர். கட்டுமாவடிப் பக்கம் திருவிழாவில் வியாபாரத்துக்குப் போயிருந்த ஒருவர் வீடியோ காலில் வந்து, பின்னால் ஒலிபெருக்கி அலற அலற, "எங்களுது பத்திரமா இருக்குங்க!" என்று கத்திச் சொன்னார்.

கடைசியில் கண்ணன் எழுந்தார்.

"எங்க வீட்டுல இல்லைங்கய்யா."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே... நம் ஊரில் நிறைய அநியாயங்களைக் கெட்டவர்கள் செய்வதில்லை. பண்பாட்டின் மீது பாசம் உள்ளவர்கள்தான் செய்கிறார்கள். பண்பாட்டின் மீது பாசம், பண்பாட்டுக்காரர்கள் மீது மட்டும் சந்தேகம்!

பதிவாளர் இன்னொரு ஆயுதத்தை எடுத்தார். "இன்னிக்கு நீங்க கேக்குறீங்க. நாளைக்கு ஒவ்வொரு ஊர்க்காரனும் வந்து எங்க சிலை, எங்க செப்பேடுன்னு கேட்டா மியூசியமே காலியாயிடுமே?"

"ஆகட்டுமே சார்" என்றேன் நான். "கேட்டுட்டு வாங்கினதா இருந்தா எதுக்குக் காலியாகப் போகுது?"

சிண்டிகேட்டைக் கேட்க வேண்டும், துணைவேந்தரைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேளுங்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்றாள் துர்கா. ஹாலைவிட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பைகளைத் திறந்து புளிசாதத்தை எடுத்தார்கள். எனக்கும் ஒரு மந்தாரை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். காரம் தூக்கலாக, பிரமாதமாக இருந்தது. பதிவாளருக்கும் ஒரு இலையை நீட்டினார்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மதியத்துக்கு மேல் துணைவேந்தரிடமிருந்து பதில் வந்தது. பதிவாளர் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்து ஒரு பேப்பரை நீட்டினார்.

"சந்தோஷமான செய்தி. மூட்டையைத் திறக்க மாட்டோம். கண்காட்சியிலயும் வெக்க மாட்டோம். உங்ககிட்டயே கொடுத்துடுறோம். 'நீண்டகாலக் கடன்' அடிப்படையில. உலகத்துல பெரிய மியூசியமெல்லாம் இப்படித்தான் பண்றாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பாரம்பரிய வாரத்துக்கு மட்டும் கொண்டாந்து காட்டணும், திறக்காமத்தான். கையெழுத்துப் போட்டுட்டு இப்பவே எடுத்துட்டுப் போலாம்."

ஹாலில் ஒரே ஆரவாரம். கண்ணன் எழுந்தே விட்டார். பேனாவை வாங்கப் போனார்.

"அப்பா, இருங்க" என்றாள் துர்கா.

"என்ன பாப்பா? எப்படியோ கெடைக்குதுல்ல? எடுத்துட்டுப் போயிடுவோம் பாப்பா..."

"கடன்னு எழுதியிருக்காங்கப்பா."

"எழுதுனா எழுதிட்டுப் போறாங்க! நம்ம வீட்டுக்கு வந்துட்டா நம்மளுதுதான?"

"கடன்னா அவங்களுதுன்னு நாம ஒத்துக்கிட்டதா அர்த்தம்ப்பா. தாத்தா அன்பளிப்பாக் குடுத்ததுன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். நாளைக்குத் திருப்பிக் கேப்பாங்க. வருஷா வருஷம் நீங்க தூக்கிட்டு வந்து அந்த கேட்ல நிக்கணும்."

கண்ணன் மகளைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி அடுத்த அறையில்தான் இருக்கிறது. நடந்தால் நாலு எட்டு. அப்பா காலமெல்லாம் ஓரமாக நின்றதைப் பார்த்தவர், பிறகு தானும் அதே ஓரத்தில் நின்றவர். ஒரு கையெழுத்து... போட்டால் சாமி தோளில். அந்த நிமிஷம் நானாக இருந்தால் போட்டிருப்பேன், சத்தியமாகப் போட்டிருப்பேன்.

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"புள்ள சொல்றதுதாங்கய்யா சரி. கடனா வேணாம். எங்க சாமிய எங்களுக்கே கடன் குடுத்தா அது எப்படிங்கய்யா எங்க பேச்சக் கேக்கும்?"

துர்கா பதிவாளரிடம் சொன்னாள். "சார், ரெண்டே விஷயம் எழுதுங்க. 'எடுத்தது தப்பு. திருப்பித் தர்றோம்.' அதுவரைக்கும் நாங்க எடுத்துட்டுப் போகல. ஆனா யாரும் அவிழ்க்கவும் கூடாது. எங்க ஆளுங்க ரெண்டு பேரு தெனமும் வந்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல உட்காருவாங்க. மாணவர்கள் வந்தா, ஏன் உட்கார்ந்திருக்கோம்னு சொல்லுவோம்."

சொன்னபடியே உட்கார்ந்தார்கள். கேட்டில் அதே செக்யூரிட்டிதான். இரண்டாம் நாள் முறைத்தார், அப்புறம் வழிவிட்டார், அப்புறம் தானே டீ சொல்லிவிட்டார். துர்காவின் வகுப்பு மாணவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் மற்றத் துறை மாணவர்களும் வந்தார்கள். சினிமாவில் வருகிற நரிக்குறவர் மாதிரி அவளிடம் இழுத்து இழுத்துப் பேசிக் கிண்டல் செய்த பையன்கள் இருவர் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். "மன்னிப்பெல்லாம் கேக்கல மேடம். ஆனா சமோசா வாங்கிக் குடுத்தாங்க" என்றாள் துர்கா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே சமீபத்தில்தான். அதற்காக எத்தனை வருஷம் நடையாய் நடந்தார்கள்! ஒரு பேப்பரில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும், மாறாவிட்டால் என்ன ஆகும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'கெடச்சதை வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே... இந்தப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?' என்று என்னிடமே சில படித்த நண்பர்கள் கேட்டார்கள். கெடச்சதை வாங்கிக்கொண்டு போகிறவர்களாக அவர்களை எப்போதும் வைத்திருக்க விரும்பும் நமக்குத்தான் அது பிடிவாதமாகத் தெரிகிறது.

போன வாரம் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தது. 'உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் பெறப்பட்டது. வருந்துகிறோம். திருப்பி அளிக்கிறோம்.' மூன்று வரிகள். 'தப்பு' என்ற சொல் இல்லையே என்றேன். "சம்மதம் இல்லாமன்னு எழுதிட்டாங்கள்ல, போதும் மேடம்" என்றாள் துர்கா. எங்கே விடக்கூடாது என்று தெரிந்த பெண்ணுக்கு எங்கே விடலாம் என்பதும் தெரிந்திருக்கிறது.

ஒப்படைக்கும் நாளில் நானும் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். கண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு நின்றார். அவருடைய ஆட்கள் சுற்றி நின்று துணியால் மறைத்துக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. எல்லாவற்றையும் எல்லாரும் பார்த்தே ஆக வேண்டுமா என்ன?

அவர் வெளியே வந்தபோது தோளில் மூட்டை இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அங்கேதான் பதிவாளருக்கு ஒரு ஆசை வந்தது. "துர்கா, இங்க வாம்மா. எல்லாம் உன்னாலதானே... நீ வாங்கிப் பிடி, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்!"

துர்கா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"இல்ல சார். நான் தொடக்கூடாது. பொம்பளைங்க தொடுறதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொம்பளை தொடக்கூடாதா? இத்தனை நாளாக முன்னால் நின்று ஒரு பல்கலைக்கழகத்தையே பணிய வைத்தவள் இவள்! சுற்றி நின்ற ஆண்களில் யாருக்கு இந்தத் துணிச்சல் இருந்தது? என் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும் மேடம். இங்க வேணாம். அது எங்க வீட்டுச் சண்டை. நான் எங்க அப்பாகூடப் போட்டுக்குவேன். சண்டை போடணும்னா சாமி மொதல்ல வீட்டுக்கு வரணும்ல?"

ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்து, அப்பா போகும் வண்டிக்குப் பின்னாலேயே போய்விட்டாள். ஒரு பல்கலைக்கழகமே தாக்குப்பிடிக்க முடியவில்லை... கண்ணனை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது!